மூடிய நிலையில் நிறுத்தும் மருந்து: ஷிப்-2 புரதமும் அதன் தடுப்பான்களும்



இன்று ஒரே ஒரு புரதத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அதன் பெயர் ஷிப்-2. 593 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ‘வளர், பெருகு’ என்ற உத்தரவைச் செல்லின் ஏற்பி வாங்கிக்கொண்ட பிறகு, அது உள்ளே எவ்வளவு தூரம் போகவேண்டும், எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் இடத்தில் நிற்கிறது. இந்தப் புரதத்தை அடக்கும் வேதிப்பொருளைச் செய்ய முடியாது என்று மருந்துத் துறை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பியிருந்தது. 2016-இல் அது முடிந்தது. எப்படி முடிந்தது, முடிந்த பிறகும் வேலை எங்கே நிற்கிறது என்பதுதான் என் பேச்சு.

ஏற்பியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லின் மேலுறையை ஊடுருவி நிற்கும் ஏற்பிகளில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. வெளிப்புறத்தில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் அவை இரண்டிரண்டாகச் சேரும். சேர்ந்ததும், செல்லுக்குள் தொங்கும் வால்பகுதியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஏற்றிவிடும். பாஸ்பேட் ஏறிய டைரோசின்தான் செய்தி. அதைப் பற்றிக்கொண்டு அடுத்தடுத்த புரதங்கள் வந்து கூடும். ராஸ் என்ற சிறு புரதம் செயலுக்கு வரும். அங்கிருந்து உத்தரவு படிப்படியாக உட்கருவை எட்டும். டைரோசின்மேல் பாஸ்பேட் ஏறுகிறது என்பதை டோனி ஹன்டர் குழு 1979-இல் கண்டது. ஏற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்றும் இறக்கும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ் என்றும் பெயர். டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் நொதி ஒன்றை முதன்முதலில் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர் நிக்கலஸ் டாங்ஸ். எட்மண்ட் ஃபிஷரின் ஆய்வகத்தில், மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்து, 1988-இல் வெளியிட்டார்.

அதன்பின் இந்த இரு வகை நொதிகளின் வரலாறும் இரண்டாகப் பிரிந்துபோனது. கைனேஸ் தடுப்பான்களில் இமாட்டினிப் 2001-இல் அனுமதி பெற்றது. இன்று 70-க்கும் மேற்பட்ட கைனேஸ் தடுப்பான்கள் மருந்தாகப் புழங்குகின்றன. டைரோசின் பாஸ்படேஸ் பக்கம் கை விரித்துவிட்டார்கள். இதற்கு ஒரு கருத்துத் தடையும் இருந்தது. பாஸ்பேட்தான் செய்தி என்றால், அதை இறக்குவது செய்தியை அழிப்பது. ஆகவே பாஸ்படேஸ் என்றாலே தடைக்கட்டை. புற்றுநோயில் தடைக்கட்டையை அடக்கினால் நோய் கூடத்தானே செய்யும்?

இந்தக் கணக்கு தப்பு என்று முதலில் காட்டியது ஒரு பழ ஈ. நார்பர்ட் பெரிமோன் குழு 1992-இல் ‘கார்க்ஸ்க்ரூ’ என்ற மரபணுவை விவரித்தது. தாய் ஈயிடமிருந்து அந்த மரபணுவின் பங்கு கிடைக்காத கருக்கள் திருகிக்கொண்டு உருக்குலைந்தன. அதனால்தான் அந்தப் பெயர். ஈயின் கருவில் இரு முனைகள் உருவாவதற்கு டார்சோ என்ற ஏற்பி உத்தரவு தருகிறது. கார்க்ஸ்க்ரூ இல்லாவிட்டால் அந்த உத்தரவு வலுவிழந்துவிடுகிறது. அதாவது இந்தப் பாஸ்படேஸ் செய்தியை அழிக்கவில்லை, முன்னுக்குத் தள்ளுகிறது. அதன் மனித வடிவம்தான் ஷிப்-2. எந்தெந்தப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டை இறக்கி அது ராஸை உயர்த்துகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பல முனைகளில் தடைகளை நீக்குகிறது என்ற அளவில் கொண்டால் போதும்.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். ஜாக்குலின் நூனன் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய குழந்தைகள் இதய மருத்துவர். பிறவியிலேயே நுரையீரல் தமனியின் வால்வு குறுகிய குழந்தைகள் சிலர், ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள், முகச்சாயலில் ஒத்திருப்பதை அவர் கவனித்தார். அகன்று அமைந்த கண்கள், தாழ்ந்த காதுகள், குட்டையான உயரம், கழுத்தின் இருபுறமும் விரிந்த தோல் மடிப்பு. டோரதி எம்கியுடன் சேர்ந்து 1963-இல் இப்படிப்பட்ட ஒன்பது குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறகு அது நூனன் நோய்த்தொகுதி என்று பெயர் பெற்றது. அது அப்படியொன்றும் அரிதானதும் அல்ல. 1,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். மருத்துவர் ஒருவர் இதயத்தைக் கேட்டுவிட்டு அத்தோடு நிற்காமல் குழந்தையின் முகத்தையும் பார்த்தார். நாம் இன்று பேசுவதெல்லாம் அந்தப் பார்வையிலிருந்து தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து, 2001-இல், மார்கோ டார்டாலியாவும் புரூஸ் கெல்பும் அவர்களது குழுவினரும் காரணத்தைக் கண்டார்கள். நூனன் நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, 12-ஆம் குரோமோசோமில் உள்ள பி.டி.பி.என்.11 மரபணுவில் மாற்றம் இருந்தது. ஷிப்-2 புரதத்துக்கான மரபணு அது. நூனன் குழந்தைகளில் சிலருக்கு ஜே.எம்.எம்.எல். என்ற அரிய ரத்தப் புற்றுநோய் வருவது ஏற்கெனவே தெரியும். பெரும்பாலும் நான்கு வயதுக்குள் வரும் நோய் அது. பலருக்கு எலும்புமஜ்ஜை மாற்று ஒன்றே வழி. அதே ஆய்வாளர்கள் 2003-இல், நூனன் இல்லாமல் இந்த நோய் வந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலானவர்களின் ரத்தச் செல்களில் ஷிப்-2 மாறியிருப்பதைக் காட்டினார்கள். பிறவியில் வந்த மாற்றங்கள் ஷிப்-2-ஐச் சற்றே முடுக்கிவிடுபவை. புற்றுநோய்ச் செல்லில் கண்டவை மிகக் கடுமையாக முடுக்கிவிடுபவை.

ஏன் முடுக்குகின்றன என்பதற்கு விடை முன்கூட்டியே தயாராக இருந்தது. மைக்கேல் எக், ஸ்டீவன் ஷூல்சன் குழுவினர் 1998-இல் ஷிப்-2-இன் படிக அமைப்பை வெளியிட்டிருந்தார்கள். இதுபோன்ற எந்தப் புரத அமைப்பும் சரியாக வரையப்பட்டதா என்று உலகெங்கும் சோதிக்கும் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்டது. நம் ஊரில் பிறந்த அளவுகோல் அது என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்தப் படிகத்தை உங்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டவேண்டும். ஷிப்-2-க்கு மூன்று உருண்டைப் பகுதிகள். முதல் இரண்டும் எஸ்.எச்.2 என்ற வகை; பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தேடிப் பிடிப்பவை. மூன்றாவது, பாஸ்பேட்டை இறக்கும் வினைப்பகுதி. அதன் நடுவில் ஆழமான ஒரு பிளவு, பிளவின் அடியில் 459-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன். வேலையில்லாத நேரத்தில் முதல் எஸ்.எச்.2 பகுதியின் நுனியிலுள்ள ஒரு வளையம் நேராக அந்தப் பிளவுக்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. விரல் சூப்பும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் வாயில் இருக்கும்வரை அது எதையும் கடிக்காது. ஏற்பியோடு சேர்ந்த புரதங்களில் இரண்டு டைரோசின்கள் பாஸ்பேட்டோடு அருகருகே கிடைத்தால், எஸ்.எச்.2 பகுதிகள் அவற்றைப் பிடிக்கப் போகும். விரல் வாயிலிருந்து வெளியே வரும். நொதி வேலையைத் தொடங்கும். செய்தி தீர்ந்ததும் மறுபடியும் மூடிக்கொள்ளும். தனக்குத்தானே பூட்டுப் போட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது.

அந்த மூடலை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்புகளில் ஒன்று, 76-ஆம் இடத்தில் எதிர்மின்சுமை கொண்ட குளூட்டமேட்டுக்கும் வினைப்பகுதியில் 265-ஆம் இடத்தில் நேர்மின்சுமை கொண்ட ஆர்ஜினினுக்கும் இடையிலான ஈர்ப்பு. மரபணுவில் ஜி.ஏ.ஜி. என்றிருக்கும் மூன்றெழுத்து ஏ.ஏ.ஜி. என்று மாறினால் குளூட்டமேட் இருந்த இடத்தில் லைசின் வந்துவிடும். லைசினுக்கு நேர்மின்சுமை. ஆர்ஜினினும் லைசினும் ஒன்றையொன்று தள்ளும். பூட்டு கழன்றுவிடும். இந்த ஒற்றை எழுத்து மாற்றத்துக்கு இ76கே என்று பெயர். ஜே.எம்.எம்.எல். குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது இதுதான். பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவேன்.

மரபணு மாறாமலே இந்தப் பூட்டைத் திறக்கும் வித்தை ஒரு பாக்டீரியாவுக்குத் தெரியும். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி, காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் ஊசிபோலச் செலுத்துகிறது. நம் செல்லின் கைனேஸ்களே அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்ற, அது ஷிப்-2-ஐப் பிடித்துத் திறந்துவிடுகிறது. ஜப்பானில் மசனோரி ஹடகேயாமா குழு இதை 2002-இல் காட்டியது. கிழக்காசியாவில் பரவியுள்ள காக்-ஏ வகை ஷிப்-2-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதும் தெரிந்தது. இரைப்பைப் புற்றுக்கு இந்தக் கிருமி ஒரு முக்கியக் காரணம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருவதால், இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

இவ்வளவும் தெரிந்த பிறகு வேதியியலாளர்கள் தடுப்பான் தேடி இறங்கினார்கள். தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வினைப்பகுதியின் பிளவு பாஸ்பேட்டைப் பிடிக்க உண்டானது. பாஸ்பேட் எதிர்மின்சுமை நிறைந்தது. ஆகவே பிளவு நேர்மின்சுமையோடு இருக்கிறது. அதில் நன்றாகப் பொருந்தும் எந்த வேதிப்பொருளும் எதிர்மின்சுமை நிறைந்ததாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பொருள் செல்லின் கொழுப்பு உறையைத் தாண்டி உள்ளே போகாது. சோதனைக் குழாயில் அற்புதமாக வேலை செய்யும், செல்லில் போட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது, பாஸ்படேஸ்களின் பிளவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சு. ஷிப்-2-க்கு மிக நெருங்கிய உறவான ஷிப்-1 ரத்தச் செல்களில் உண்மையிலேயே தடைக்கட்டையாக இருக்கிறது. அது இல்லாத எலிகள் கடும் அழற்சியால் இளம் வயதிலேயே இறந்துவிடும். ஒன்றை அடிக்கப் போய் இன்னொன்றை அடித்தால் நோயாளி தாங்கமாட்டார். மூன்றாவது, பிளவின் அடியிலுள்ள சிஸ்டீன் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். பொருத்தமே இல்லாத பொருள்கூட அதைக் கெடுத்துவிட்டு, நல்ல தடுப்பான்போலக் கணக்கில் ஏறிக்கொள்ளும். ஆய்வகங்கள் இப்படிப் பொய்யாகத் தேறியவற்றின் பின்னால் பல காலம் அலைந்தன.

இந்த மூன்று தடைகளுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. சோதனையில் பெரும்பாலும் ஷிப்-2-இன் வினைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வைத்தார்கள். பாக்டீரியாவில் அதை எளிதாகத் தயாரிக்கலாம், எப்போதும் திறந்தே இருக்கும், அளக்க வசதி. ஆனால் விரலும் இல்லை, மூடுவதும் இல்லை. அந்தப் புரதம் எப்படி ஓய்வெடுக்கும் என்பதைத் தூக்கியெறிந்துவிட்டு, பிளவை அடைக்கும் பொருள் எது என்று மட்டும் கேட்டார்கள். கேட்டதற்குத்தான் பதில் வந்தது. அதைப் புரதத்தின் குறையாக எழுதிவைத்தார்கள்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள நோவார்ட்டிஸ் ஆய்வுக்கூடத்தினர் முழுப் புரதத்தையும் குழாயில் வைத்தார்கள். இரண்டு பாஸ்போடைரோசின் கொண்ட ஒரு சிறு பெப்டைடை அளந்து சேர்த்து, புரதத்தை அரைகுறையாக மட்டும் திறந்துவைத்தார்கள். முழுக்கத் திறந்திருந்தால் மூடவைக்கும் பொருள் தோற்றுவிடும். முழுக்க மூடியிருந்தால் அளக்க ஒன்றும் இருக்காது. அந்த இடைநிலையைப் பிடித்ததே பெரிய சாதுரியம். ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்மங்களை அதில் ஓட்டி, வேலையைக் குறைத்தவற்றை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவற்றைத் தனி வினைப்பகுதியின்மேல் சோதித்து, அங்கேயும் தடுத்தவற்றை எல்லாம் ஒதுக்கினார்கள். மற்றவர்கள் இத்தனை ஆண்டு தேடிய வகை முழுவதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, மிஞ்சியதை வைத்துக்கொண்டார்கள்.

மிஞ்சியவற்றில் ஒன்று ஷிப்-836. வலுவற்ற தடுப்பான்தான். அதைப் புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது, அது வினைப்பிளவின் அருகிலேயே இல்லை. மூன்று உருண்டைப் பகுதிகளும் சந்திக்கும் நடு இடத்தில் ஒரு சுரங்கவழி இருந்தது. அதற்குள் அமர்ந்து மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்திருந்தது. புரதம் மூடியிருக்கும்போது மட்டும்தான் அந்த இடம் அமையும். ஆகவே இந்தச் சேர்மம் புரதத்தை எதிர்த்துப் போராடுவதில்லை. ஓய்வில் இருக்கும் வடிவத்தை அப்படியே நிறுத்திவைக்கிறது. அதைச் செப்பனிட்டு ஷிப்-099 என்ற சேர்மத்தைச் செய்தார்கள். பாதி வேலையை நிறுத்த 71 நானோமோலார் போதும். வாய்வழி கொடுக்கலாம். ஷிப்-1-ஐத் தொடவே இல்லை. சுரங்கச் சுவரின் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிய ஷிப்-2-ஐச் செல்லில் வைத்தால் மருந்து பயனற்றுப்போனது. அதனால், செல் பெருகாமல் நின்றது ஷிப்-2 அடங்கியதால்தான், வேறெதனாலும் அல்ல என்பது உறுதியானது. 2016-இல் வெளியான அந்தக் கட்டுரையை மாணவர்கள் முழுதாகப் படிக்கவேண்டும். முடிவுக்காகப் படிப்பதைவிட, சோதனையை எப்படி வகுத்தார்கள் என்பதற்காகப் படியுங்கள்.

அடுத்த திருப்பம் 2018-இல். ஏற்பியின் தூண்டலால் வளரும் புற்றில்தான் இந்த மருந்து பலிக்கும், ராஸே மாறிப்போன புற்றில் பலிக்காது என்று முதலில் எண்ணினார்கள். ராஸ் ஷிப்-2-க்குக் கீழே இருக்கிறது. கீழே உள்ளது தானே ஓடும்போது மேலே உள்ளதை நிறுத்தி என்ன பயன்? ஆனால் அவ்வாண்டு பல குழுக்கள், ராஸ் வகைகளில் ஒன்றான கே-ராஸ் மாறிய சில புற்றுகளும் ஷிப்-2-ஐ நம்பியிருப்பதைக் காட்டின. காரணம் இது. ஜி12சி என்ற மாற்றம் அடைந்த கே-ராஸ் முழுக்க முடுக்கப்பட்ட நிலையில் இல்லை. அவ்வப்போது ஓய்வு நிலைக்கு வரும். மறுபடி எழ மேலிருந்து தூண்டல் வேண்டும். அந்தத் தூண்டல் ஷிப்-2 வழியாக வருகிறது. ஜி12சி-க்கான முதல் மருந்து சோட்டோராசிப் 2021-இல் அனுமதி பெற்றது. அது பிடிப்பதும் ஓய்வு நிலையிலுள்ள கே-ராஸைத்தான். புற்றுச் செல்லோ ஏற்பிகளை இன்னும் முடுக்கி, கே-ராஸை ஓய்வு நிலையில் இருக்கவிடாமல் தப்பிக்கப் பார்க்கிறது. ஷிப்-2 தடுப்பானைச் சேர்த்தால் அந்த வழி அடைபடும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் நம்பிக்கை பிறந்தது இப்படித்தான்.

மனிதர்களில் என்ன ஆயிற்று? நோவார்ட்டிஸின் ஷிப்-2 தடுப்பான் டி.என்.ஓ.155, 2017-இல் சோதனைக்கு வந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. தனியாகக் கொடுத்தபோது கட்டி சுருங்கியவர்கள் மிகக் குறைவு. கை கால் வீக்கம், வயிற்றுப்போக்கு, ரத்தத் தட்டணுக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் அளவைக் கூட்டவிடவில்லை. உடலின் எல்லாச் செல்களும் பயன்படுத்தும் புரதத்தை நிறுத்தினால் உடல் கேட்காமல் விடுமா? சில நிறுவனங்கள் விலகிக்கொண்டன. சீனாவில் ஜாக்கோபயோ நிறுவனம் தன் ஷிப்-2 தடுப்பானை ஜி12சி மருந்தோடு சேர்த்து நுரையீரல் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோயிருக்கிறது. கூட்டு மருந்தாக, சிறு அளவில், இந்தத் தடுப்பான்களுக்கு ஓர் இடம் கிடைக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் எனக்கு ஆறாத குறை வேறு. இ76கே பற்றிச் சொன்னேன் அல்லவா? ஷிப்-099 மூடிய வடிவத்தில் மட்டும் அமையும் சுரங்கத்தில் உட்காருவது. இ76கே மாற்றம் வந்த புரதமோ பெரும்பாலும் திறந்தே கிடப்பது. 2018-இல் வெளியான அதன் படிக அமைப்பில், இரண்டாவது எஸ்.எச்.2 பகுதி 120 பாகை சுழன்றிருக்கிறது, முதலாவது வேறு பக்கம் போய் அமர்ந்திருக்கிறது, சுரங்கமே கலைந்துவிட்டது. மருந்தைப் பல மடங்கு கூட்டிக் கொடுத்தால்தான் மறுபடி மூடவைக்க முடிகிறது. அந்த அளவு குழந்தையின் உடல் தாங்கும் அளவு அல்ல. ஷிப்-2 மனித நோயில் என்ன செய்கிறது என்பதை நமக்குக் காட்டியவர்கள் இதயத்தோடும் ரத்தத்தோடும் போராடிய குழந்தைகள். அந்த அறிவிலிருந்து பிறந்த மருந்து பெரியவர்களின் நுரையீரல் புற்றுக்குப் போகிறது. அந்த ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. சந்தையின் அளவும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜே.எம்.எம்.எல். பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது.

இந்தக் குழந்தைகளுக்கு இப்போது கிடைத்திருக்கும் நம்பிக்கை ஷிப்-2-க்கு வெகு கீழே இருக்கும் மெக் என்ற கைனேஸைத் தடுக்கும் டிரமெடினிப். அமெரிக்காவில் நோய் திரும்பிய அல்லது மற்ற மருந்துக்கு மசியாத பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்ததில் ஐவருக்கு நோய் குறைந்தது. அது நல்ல செய்தி. நூனன் வகை நோயில் இதயத் தசை தடித்த சில கைக்குழந்தைகளுக்கும் அதே மருந்து பலன் தந்திருக்கிறது. ஆனாலும் கழன்ற பூட்டு கழன்றபடியே இருக்கிறது. ஷிப்-2-ஐச் செல்லே அழித்துவிடும்படி செய்யும் சேர்மங்களைச் சிலர் முயல்கிறார்கள். அவற்றில் பல சுரங்கத்தில் உட்காரும் பொருள்களிலிருந்தே கட்டப்பட்டவை என்பதால் இ76கே-இடம் அதே இடரைத்தான் சந்திக்கும்.

கேம்பிரிட்ஜில் அவர்கள் சாதாரண ஷிப்-2-ஐப் பாதி திறந்துவைத்துக் கேட்டார்கள். இ76கே-ஐக் குழாயில் வைத்து, பெப்டைடு எதுவும் சேர்க்காமல், அது தானாகத் திறந்திருக்கும் நிலையில் கேட்கவேண்டும்: சுழன்றுபோன அந்த வடிவத்தில் புதிதாக அமைந்திருக்கும் இடுக்குகளில் உட்காரக்கூடிய சேர்மம் எது? அந்தப் படிக அமைப்பின் ஆயத்தொலைவுகள் பொதுத் தரவகத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. புரதத்தை இ-கோலை பாக்டீரியாவில் தயாரிக்கலாம். வினையை அளக்க ஒளிரும் எளிய வினைப்பொருள் ஒன்று போதும். நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் உள்ள தட்டுப்படிப்பான் கருவியே அதைப் படித்துவிடும். ஒரு லட்சம் சேர்மம் நம்மிடம் இல்லை. கணினியில் வடிகட்டிச் சில நூறோடு தொடங்கலாம். இந்த அரங்கில் இருக்கும் முதுகலை மாணவர்களில் யாரேனும் இதை எடுத்துச் செய்ய முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சோதனையை எப்படி வகுப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.